ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஒரு கைபேசிச் செயலி: தொடக்கக்காரர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டு மலையில் நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிக்கும் வேலை சூடு பிடிக்கும். ஜனவரி தாண்டிப் பிப்ரவரி வரைகூட அது நீளும். அராபிகாச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை என்பதால் ஒரே செடிக்குப் பலமுறை கை வைக்க வேண்டியிருக்கிறது. பறித்த பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். கிடந்தால் புளித்து, சுவை கெட்டுவிடும். அதனால் மாலையில் சாக்குகள் வந்து இறங்கியதும் தராசைச் சுற்றி ஒரே அவசரம். எடைக்குக் கூலி என்பதால் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் எடை நோட்டில் ஏற வேண்டும். சனிக்கிழமை அதைக் கூட்டிப் பணம் கொடுக்க வேண்டும். நவம்பர் மழையில் நனைந்த நோட்டில், டார்ச் வெளிச்சத்தில், பின்னால் வரிசை நிற்கும்போது எழுதும் எண்கள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஆய்வுக்குரியவர் நாகலூர்ப் பக்கத்தில் ஒரு சிறு தோட்டத்தின் கணக்கர். முப்பதுகளின் நடுவில் இருப்பவர், வணிகவியல் பட்டதாரி, நிரல் எழுதிப் பழக்கமே இல்லாதவர். சேலத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு அவர் ஒரு நண்பர் வழியாக அறிமுகமானார். தன் கைபேசியில் எடைக் கணக்கு எழுத ஒரு செயலியைத் தானே செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கூடப்போவதில்லை. பொழுதுபோக்காகச் செயலி எழுத வருபவர்கள் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இவருடைய இரண்டு பருவத்து அனுபவம் அவர்களில் பெரும்பாலோருக்குப் பயன்படும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

புதிதாக வருபவர் எல்லோரும் முதலில் கேட்பது எந்த மொழி கற்றுக்கொள்ளலாம் என்பதுதான். இவரும் அதையே கேட்டார். பார்த்த காணொளிகளில் ஒன்று ஃப்ளட்டர் என்றது, இன்னொன்று கோட்லின் என்றது, மூன்றாவது ஜாவா தெரியாமல் எதுவும் நடக்காது என்று பயமுறுத்தியது. ஆனால் இரண்டு பருவத்திலும் அவருடைய செயலியை நிலைக்க வைத்ததும் கவிழ்த்ததும் வேறு ஒன்று: எழுதிய எடை எங்கே தங்குகிறது, எந்தக் காரணத்தால் காணாமல் போகும் என்ற கேள்வி. மொழியைப் பற்றிய அந்தக் காணொளிகள் எதிலும் அது வரவே இல்லை.

முதல் பருவம்

அவரிடம் இருந்த மடிக்கணினியில் மெமரி 4 ஜிபி. ஆண்ட்ராய்டுச் செயலி எழுதக் கூகுள் தரும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓடக் குறைந்தது 8 ஜிபி வேண்டும். எனவே தொடக்கத்துக்கு எம்ஐடி ஆப் இன்வென்டர் போதும் என்றேன். 2010-ல் கூகுளில் பிறந்து, 2012-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போன இலவசக் கருவி அது. பிரவுசரிலேயே வேலை செய்யும். கட்டளைகளை எழுதாமல் வண்ணக் கட்டங்களாகப் பொருத்தினால் போதும். கணினித் திரையில் செய்வதைக் கைபேசியில் உடனுக்குடன் பார்க்க ஒரு துணைச் செயலியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கான பொம்மை என்று சிலர் இதை ஒதுக்குவது எனக்குப் பிடிக்காத பேச்சு. பொத்தானைத் தட்டினால் ஒரு நிகழ்வு பிறக்கிறது, அந்த நிகழ்வுக்கு நாம் ஒரு வேலையை ஒட்டி வைக்கிறோம் என்ற அடிப்படை இங்கே கண்முன் தெரிகிறது. பெரிய கருவியில் அதே பாடம் பத்துக் கோப்புகளுக்கு அடியில் மறைந்து கிடக்கும்.

பெயர், எடை, சேமி என்ற மூன்றே உறுப்புகள் கொண்ட திரை விரைவிலேயே தயாரானது. சேமி பொத்தானைத் தட்டினால் இணையத்தில் இருக்கும் விரிதாளில் ஒரு வரி சேரும்படி செய்திருந்தார். ஏதோ ஒரு பாடத்தில் அப்படித்தான் இருந்தது. வீட்டில் பிரமாதமாக ஓடியது. களத்துக்குக் கொண்டுபோன முதல் மாலையே படுத்துவிட்டது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, சரிவின் மறுபக்கத்தில் இருக்கும் அந்த இடத்தில் சிக்னல் வந்தால் வந்ததுதான். சில எடைகள் ஏறின, சில ஏறவில்லை. எது ஏறியது எது ஏறவில்லை என்பதைத் திரை சொல்லவில்லை. அதுதான் மிகக் கொடுமை. நல்ல வேளையாக நோட்டிலும் எழுதிக்கொண்டு வந்தார்.

பாடங்களைத் தயாரிப்பவர்கள் நல்ல இணைப்புள்ள அறையில் உட்கார்ந்து தயாரிக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் நம்முடைய மலையில், நம்முடைய கிராமங்களில் ஓட வேண்டிய செயலிக்கு அந்த எடுத்துக்காட்டு பொருந்தாது. கைபேசியில் முதலில் எழுது, இணைப்பு வரும்போது வெளியே அனுப்பு என்பதே இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். அவர் செயலியை அப்படியே மாற்றினார். ஆப் இன்வென்டரில் உள்ள சிறிய சேமிப்பிடத்தில் எல்லாம் பதிவானது. ஆனால் அது பெயர் கொடுத்து மதிப்பை வாங்கும் வகை. 'போன வாரம் லட்சுமி எவ்வளவு பறித்தார்' என்று கேட்டால், முழுப் பட்டியலையும் ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் சொல்லும். ஜனவரியில் பட்டியல் நீண்டபோது செயலி மூச்சு வாங்கியது. போதாததற்கு அந்தத் தோட்டத்தில் லட்சுமி என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். பெயரையே அடையாளமாக வைத்ததால் மூவர் எடையும் ஒரே கணக்கில் விழுந்தது. ஆளுக்கொரு எண், பெயர் அந்த எண்ணின் ஒரு விவரம் என்ற தரவுத்தளப் பாடம் அவருக்கு அந்த மூன்று லட்சுமிகளால்தான் புரிந்தது.

இரண்டாம் பருவம்

மழைக்காலத்துக்கு முன்பே சேலத்தில் ஒரு கடையில் மடிக்கணினிக்கு 8 ஜிபி மெமரி கூடுதலாகப் போட்டுக்கொண்டார். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓடியது, மொழி கோட்லின். 2017-ல் ஆண்ட்ராய்டுக்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாகக் கூகுள் அதை ஏற்றது; 2019 முதல் அதற்கே முன்னுரிமை. திரைகளை எழுத 2021-ல் முதல் நிலையான பதிப்பு வந்த ஜெட்பேக் கம்போஸ். ஐபோனைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதற்கு மேக் கணினி வேண்டும், ஆப்பிளின் கடையில் வைக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். தோட்டத்தில் ஐபோன் வைத்திருப்பவர் யாரும் இல்லை.

கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசியை வேண்டாம் என்று ஒதுக்கியது அவர் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. அது மெமரியை விழுங்கும். அதோடு, மழையில் நனைந்த விரல் அதில் கிடையாது. கைபேசியின் அமைப்புகளில் பில்ட் எண் என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும்; அதில் யூஎஸ்பி பிழைதிருத்தத்தை இயக்கிக் கேபிளால் இணைத்தால், எழுதுவது நேராகக் கைபேசியில் ஓடும். ஈர விரல் பட்டால் தொடுதிரை தடுமாறும் என்பதைக் களத்தில் பார்த்தவர், கைபேசியின் வழக்கமான விசைப்பலகையை விட்டுவிட்டுத் தானே பெரிய எண் பொத்தான்களை வரைந்துகொண்டார். நான் சொல்லிக் கொடுத்த எதுவும் அவ்வளவு பயன்படவில்லை.

ஒரு விநோதமான குறை இரண்டு மூன்று நாள் அவரை அலைக்கழித்தது. எடையைத் தட்டச்சு செய்துவிட்டுச் சேமிக்கும் முன், எதிரே நிற்பவரிடம், "பாருங்கள் அக்கா, 18.6" என்று கைபேசியைத் திருப்பிக் காட்டுவார். காட்டிய கணத்தில் எண் மறைந்து வெற்றுப் பெட்டி தெரியும். "எங்கே அம்மா, ஒன்றும் இல்லையே?" என்று அந்த அம்மாள் கேட்பார். வீட்டில் எத்தனை முறை செய்து பார்த்தாலும் வரவில்லை; ஏனென்றால் வீட்டில் யாருக்கும் திருப்பிக் காட்டவில்லை. கைபேசி படுக்கைவாட்டில் திரும்பும்போது ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துவிட்டு, புதிய அளவுக்கு மறுபடி உருவாக்குகிறது. திரையோடு சேர்ந்து, அதில் மட்டும் வைத்திருந்த எண்ணும் போய்விடுகிறது. கம்போஸில் இதற்கென்று ரிமெம்பர்சேவபிள் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் வைத்த மதிப்பு திரை மறுபிறவி எடுத்தாலும் கூடவே வரும். ஒரு சொல்லை மாற்றியதும் சரியானது. திரையைத் திரும்பாமல் பூட்டிவிடலாம் என்று ஒருவர் அவருக்கு யோசனை சொன்னார். அது நோயை மூடி வைப்பது. வேறொரு அழைப்பு வந்து, மெமரி போதாமல் செயலியைக் கைபேசி பின்னணியில் நிறுத்தினாலும் அதே எண் தொலையும்.

எடையை எப்படி எழுதி வைப்பது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். தராசு 18.6 என்று காட்டுகிறது. அப்படியே தசம எண்ணாகச் சேமித்தால் என்ன? கணினி தசமங்களை இரும எண்களாக வைத்திருக்கிறது. நமக்கு எளிய 0.1-ஐ இருமத்தில் முடிவாக எழுத முடியாது. அதனால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வரும். ஒரு நாளில் இது தெரியாது. நூற்றுக்கணக்கான எடைகள் கூடும்போது வாரக் கடைசியில் விளிம்பில் நிற்கும் பைசா அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாயும். கூலிக் கணக்கில் அதற்கு இடம் தரக் கூடாது. எடை முழுவதும் கிராமில், பணம் முழுவதும் பைசாவில், இரண்டும் முழு எண்களாக என்று முடிவு செய்தோம். 18.6 கிலோ என்பது 18600. கிலோவுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 700 பைசா. பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 13020 பைசா, அதாவது 130 ரூபாய் 20 பைசா. தசமப் புள்ளி திரையில் மட்டும் தோன்றும், சேமிப்பில் அது இல்லை.

முழு ரூபாயாக்குவதை எங்கே செய்வது என்ற கேள்வியைக் கணக்கரே எழுப்பினார். அன்றன்று முழுதாக்கினால் தினமும் சில பைசா யாரோ ஒருவருக்கு நட்டம், பெரும்பாலும் பறிப்பவருக்குத்தான். வாரம் முழுவதையும் பைசாவில் கூட்டி, கடைசியில் ஒரே முறை மேல்நோக்கி முழுதாக்க வேண்டும் என்று அவரே எழுதினார். நிரல் எழுதும்போது நியாயத்தைப் பற்றிய முடிவுகள் இப்படிச் சின்னஞ்சிறு வரிகளில் ஒளிந்திருக்கும். களத்தில் நின்று எடை எழுதும் ஒருவரே நிரலையும் எழுதியதால் அது கண்ணில் பட்டது. வெளியாள் ஒருவரிடம் செயலி செய்யக் கொடுத்திருந்தால் பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சேமிப்புக்கு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம், அதை எளிதாகக் கையாள அதன்மேல் ரூம் என்ற ஆயத்த நிரல்தொகுப்பு. எஸ்க்யூலைட்டை ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டார். தனி சர்வர் கிடையாது, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு, ஆண்ட்ராய்டுக் கைபேசி ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பதிவு ஏறினால் முழுதாக ஏறும், இல்லையேல் ஏறவே ஏறாது. நடுவில் பேட்டரி தீர்ந்தாலும் பாதி எழுதிய வரி நிற்காது. முதல் பருவத்தில் 'எது ஏறியது, எது ஏறவில்லை' என்று தவித்தவருக்கு இதைவிட ஆறுதல் வேறு என்ன?

பெயர்ப் பட்டியலில் தமிழ் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. அவருடைய நோட்டில் பெயர்கள் அகராதி வரிசையில் இருக்கும். மல்லிகாவுக்குப் பிறகு மலர், ஜோதி கடைசியில். செயலியில் மலர் முதலில் வந்தார், மல்லிகா பின்னால் போனார், ஜோதி தங்கத்துக்கு முன்னால் வந்து நின்றார். யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்களின் வரிசை வேறு, நம் நெடுங்கணக்கு வேறு. அந்த எண்வரிசையில் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ இருக்கிறது, ந-வை ஒட்டி ன இருக்கிறது, புள்ளி எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. தரவுத்தளம் அந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறது. வரிசைப்படுத்தவே இருக்கும் கொலேட்டர் என்ற ஆயத்த நிரலிடம் மொழி தமிழ் என்று சொல்லி வரிசைப்படுத்தினால் முறையான வரிசை கிடைக்கிறது. பெயர் நீளத்தை 8 எழுத்து என்று வெட்டியதிலும் இதே கதை. முருகேசன் என்பதில் கணினி எண்ணுவது 9. துணைக் குறிகளும் புள்ளியும் தனித்தனி. 8-ல் வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'முருகேசன' என்று நிற்கும். ஒருவரின் பெயரைத் தப்பாகக் காட்டும் திரையை அவர் எப்படி நம்புவார்? எழுத்தை எண்ணி வெட்டாமல், பெட்டியின் அகலம் போதாதபோது மட்டும் சுருக்கும்படி மாற்றினார்.

தரவு தொலைந்த வாரம்

டிசம்பர் நடுவில் மடிக்கணினி மக்கர் செய்தது. கடையில் கொடுத்தார்; விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். நிரலின் பிரதி பென்டிரைவில் இருந்ததால் கவலைப்படவில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை மறுபடி நிறுவி, ஒரு சின்னத் திருத்தம் செய்து, கைபேசியில் ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. கையொப்பம் பொருந்தவில்லை என்று ஒரு செய்தி. பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றட்டுமா என்று ஒரு பெட்டி. சரி என்று தட்டினார். செயலி ஏறியது, அந்தப் பருவத்தின் எடைகள் முழுவதும் போயின.

என்ன நடந்தது? ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் ஒரு சாவியால், அதாவது எழுதியவரிடம் மட்டும் இருக்க வேண்டிய ஒரு ரகசியக் கோப்பால், கையொப்பமிடப்படுகிறது. புதிய பதிப்பு அதே சாவியோடு வந்தால்தான் பழையதன் இடத்தில் உட்கார விடும். வேறொருவர் உங்கள் செயலியின் பெயரில் பொய்ச் செயலியை ஏற்றிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. சோதனைக்காக நாம் ஓட்டும்போது ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அந்தந்தக் கணினியில் தானே ஒரு தற்காலிகச் சாவியைச் செய்துகொள்கிறது. அது பயனரின் சொந்தக் கோப்புறைக்குள், கண்ணில் படாத இடத்தில் இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது அந்தச் சாவி அழிந்தது. புதிய கணினிச் சூழல் புதிய சாவியைச் செய்தது. செயலியை நீக்கினால் அதன் தரவுத்தளமும் சேர்ந்தே நீங்கும். கூகுள் கணக்கில் தானாகச் சேமிக்கும் வசதி 25 எம்பி வரை உண்டு. ஆனால் அது வழக்கமாக வைஃபை இணைப்புக்காகக் காத்திருக்கும். தோட்டத்தில் வைஃபை இல்லை.

நோட்டுதான் காப்பாற்றியது. தரவு தொலையும் என்று எதிர்பார்த்து அவர் நோட்டை வைத்திருக்கவில்லை; பறிப்பவர்கள் தங்கள் கண்முன் மையால் எழுதுவதைப் பார்க்க விரும்பினார்கள், அதனால் வைத்திருந்தார். இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி ஏற்றினார். அதன்பின் தனக்கென ஒரு நிலையான சாவி செய்து, கடவுச்சொல்லோடு இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினார். ஒவ்வொரு மாலையும் அன்றைய பதிவுகளை விரிதாளில் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பாக்கும் பொத்தானையும் சேர்த்தார். வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னல் கிடைத்ததும் அதை வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்பிவிடுகிறார். ஒரே பொத்தானில் பிரதியும் அறிக்கையும் முடிந்துவிடுகின்றன.

சாவி, நீக்கம், பிரதி ஆகிய இந்த மூன்றையும் தொடக்கப் பாடங்களில் நான் பார்ப்பது அரிது. பட்டன் நிறத்தை மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் பாடம் இருக்கும். செயலியில் மதிப்புள்ள ஒரே ஒரு வரி ஏறிய நாளிலேயே இவற்றைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே வகை ஆபத்து மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தது. எந்தக் காட்டுப் பகுதியில் பறித்த பழம் என்று குறிக்க அட்டவணையில் ஒரு புதிய பத்தியை (நெடுவரிசையை) சேர்த்தார். கைபேசியில் இருக்கும் பழைய அட்டவணைக்கும் புதிய நிரலுக்கும் பொருந்தாததால் செயலி திறந்ததும் மூடிக்கொண்டது. தேடியபோது கிடைத்த முதல் விடை, ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்றது. அந்த வரி பழைய அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வரி. டிசம்பரில் பட்டிருந்ததால் அவர் ஒட்டுவதற்கு முன் எனக்குப் போன் செய்தார். பழைய அட்டவணையில் ஒரு பத்தியைக் கூட்டும் மாற்றக் கட்டளையை நாங்கள் தொலைபேசியிலேயே எழுதினோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி நான் போய்ச் சேர்வதற்குள் அடுத்த மாலையின் எடை வந்துவிடும்.

கடைக்குப் போகாத செயலி

ப்ளே ஸ்டோரில் வெளியிட ஒருமுறை 25 டாலர் பதிவுக் கட்டணம். தனிநபர் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மூன்று கைபேசிகளில் ஓடும் செயலிக்கு இது எதற்கு? செயலியை நிறுவுவதற்கான ஏபிகே கோப்பைக் கேபிளில் நகலெடுத்து, கைபேசியில் கோப்புகளைத் திறக்கும் செயலிக்கு மட்டும் நிறுவும் அனுமதி கொடுத்து ஏற்றிக்கொண்டார். உலகத்துக்கு வெளியிடாத செயலி செயலியே இல்லை என்று நினைத்துப் பலர் தொடக்கத்திலேயே தளர்ந்துபோகிறார்கள். அப்படித் தளர வேண்டிய தேவை இல்லை.

பருவம் முடிந்தபோது கணக்கர், மேஸ்திரி, முதலாளி மூவர் கைபேசியிலும் அது இருந்தது. கடைசி வாரங்களில் நோட்டுக் கூட்டலுக்கும் செயலிக் கூட்டலுக்கும் வேறுபாடு வந்தபோதெல்லாம் நோட்டைத் திரும்பக் கூட்டிப் பார்த்தார்கள். தவறு கைக் கூட்டலில்தான் இருந்தது. நோட்டை நிறுத்தவில்லை, நிறுத்துவதாகவும் இல்லை. மேஸ்திரியின் கைபேசியிலும் கணக்கரின் கைபேசியிலும் ஒரே நாளில் தனித்தனியாக எடை ஏறினால் இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது என்பது இன்னும் தீராத வேலை. இப்போதைக்கு ஒருவர் மட்டும் எழுதுகிறார், மற்ற இருவரும் பார்க்கிறார்கள்.

அடுத்தது மிளகு. சில்வர் ஓக்கில் ஏறிய கொடிகளிலிருந்து பறித்த பச்சை மிளகு காய்ந்தபின் எடை வெகுவாகக் குறையும் என்பதால், பறித்த எடை, காய்ந்த எடை என இரண்டையும் ஒரே பதிவில் இணைக்க வேண்டியிருக்கிறது. அதற்கான அட்டவணையை மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்பே தாளில் வரைந்து, ஒவ்வொரு பத்திக்கும் கீழே கிராமா பைசாவா தேதியா என்று குறித்து எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னேன்: சாக்கின் எடையைக் கழித்துவிட்டுச் சேமிக்காமல், தராசு காட்டியதையும் சாக்கின் எடையையும் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். யாராவது வந்து கேட்டால் இரண்டையும் காட்டலாம்.